மாமா சொன்னவர்

மாமி எந்த முடிவையும் தன்னுடைய முடிவு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. இரவுக்குப் புட்டா இடியப்பமா என்பதிலிருந்து என்னை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "மாமா சொன்னவர்." அதைச் சொல்லும்போது, பக்கத்து அறையில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பதுபோலக் குரலைத் தாழ்த்துவார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் கொழும்பிலிருந்து நியூசிலாந்துக்கு, ஆக்லாந்துக்கு வந்தோம். அப்போது எனக்கு எட்டு வயது. மாமா அம்மாவின் மூத்த அண்ணன். யாழ்ப்பாணத்தில் கட்டட என்ஜினியராக இருந்தவர். அவருக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. மவுண்ட் ரோஸ்கில்லில், வேறொருவர் வீட்டின் பின்வளவைப் பிரித்து விற்ற துண்டுக் காணியில் அவர்களுடைய மரவீடு இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அதுதான் என் வீடு. அம்மா ஈஸ்ட் டாமாக்கியில் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பொதி செய்யும் வேலைக்குப் போனார். மாமி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். மாமா எங்கும் போகவில்லை. "மாமாவுக்குத் தலையிடி" என்றார்கள். முன்னறைக் கதவு பகலிலும் சாத்தியே கிடக்கும்.

எனக்கு அந்தக் கதவு பயம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எங்களைக் கடற்கரைப் பக்கம் காம்ப் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். வகுப்பில் எல்லோரும் போனார்கள். நான் மாமியிடம் கேட்டேன்.

"பொறு, மாமாவைக் கேட்டுச் சொல்லுறன்."

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் பின்னாலேயே போய்க் காதை வைத்தேன். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. மாமி கேட்கவும் இல்லை, மாமா பதில் சொல்லவும் இல்லை. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் காலடிச் சத்தம் கேட்டதும் நான் குசினிக்கு ஓடிவந்துவிட்டேன்.

"மாமா வேண்டாமெண்டிட்டார்" என்றார் மாமி. "தண்ணிக்குக் கிட்டப் போறது சரியில்லையாம்."

அன்றைக்குப் பிறகு எனக்கு மாமாவைவிட மாமியிடம்தான் பயம் கூடியது. பேசாத மனிதர் பேசியதாகக் கண்ணிமைக்காமல் ஒருவரால் சொல்ல முடிகிறது என்றால், அவர் சொல்லும் மற்றதெல்லாம் என்ன? சோறு போடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்ன பிள்ளை, முழுசுறாய்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி பருப்பு விடுவார். அன்பில் ஒரு குறையும் வைத்தவரல்ல. காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே இருப்பார். ஆனால் "மாமா உன்னோட இருக்கச் சொன்னவர்" என்பார்.

வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தக் குரல் தாழாது. புதிதாக வந்த தமிழ்க் குடும்பம் ஏதாவது சாப்பிட வந்தால், முதலில் வீட்டைச் சுற்றிக் காட்டுவார். "இது இவர் கட்டின வீடு." அம்மா பின்னாலேயே வருவார். "என்ர அண்ணை கடதாசியில பிளான் கீறி, கீறினபடியே எழுப்பினவர்" என்று சேர்த்துக்கொள்வார். குசினிச் சுவரில் ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய ஒடுக்கமான அலுமாரி இருந்தது. விளக்குமாறு மாமாவின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவாம். குளியலறைக்குப் போகும் நடை ஓரிடத்தில் முழங்கைபோல வளைந்தது. விருந்தாளிகளுக்குக் குளியலறைக் கதவு தெரியக்கூடாது என்று மாமா யோசித்து வைத்ததாம். கடைசியில் சாப்பாட்டு மேசைக்கு மேலே, சுவரின் உயரத்தில், ஒரு சின்னச் சதுர ஜன்னல். எதிர்ச் சுவரில் சாமிப்படங்கள்.

"காலமை வெயில் இதுக்குள்ளால வந்து நேர பிள்ளையாரில விழும். இவர் பாத்து வைச்சது" என்பார் மாமி. வந்தவர்கள் தலையை அண்ணாந்து பார்ப்பார்கள். வெயில் உண்மையாகவே விழும். நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது மெல்பேர்னிலிருந்து ஒருவர் வந்தார். மாமாவோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கே பெரிய என்ஜினியர். மாமா அன்றைக்குச் சவரம் செய்து, சட்டை போட்டு மேசைக்கு வந்திருந்தார். வந்தவர் நல்ல மனிதர். சத்தமாகச் சிரித்தார், சத்தமாகக் கேள்வி கேட்டார்.

"மச்சான், பிளான் வைச்சிருப்பாய்தானே? எடன், பாப்பம்."

மாமாவின் விரல்கள் சோற்றுக்குள் நின்றன.

"நடுவில சுவரைக் காணேல்லை. கூரைப் பாரம் எங்க இறங்குது? என்ன செய்தனி?"

மாமா தலையை நிமிர்த்தி, குசினிப் பக்கம் நின்ற மாமியைப் பார்த்தார். மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து எங்களையெல்லாம் ஆண்டுகொண்டிருந்த மனிதரின் முகத்தில் இருந்தது பயம் என்பது எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. அப்போது மாமி சொதிச் சட்டியோடு வந்தார். அடுத்த கணம் விருந்தாளியின் மடி முழுக்கச் சொதி. அவர் அலறிக்கொண்டு எழும்ப, நாற்காலி விழ, அம்மா துவாயோடு ஓட, பிளானைப் பற்றிய பேச்சு அதோடு போயிற்று.

"ஐயோ, கை வழுக்கிப் போச்சு" என்று மாமி தலையில் கைவைத்தார்.

நான் நேர் எதிரே இருந்தேன். கை வழுக்கவில்லை. இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துச் சரித்தார்.

மறுநாள் காலையில் முன்னறைக் கதவு திறந்து கிடந்தது. மாமா இல்லை. அம்மா அதற்கு முன்பே ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்தார். என்னைத் தனியாக விட முடியாது என்பதால் மாமி என்னையும் காரில் ஏற்றினார். கடைத்தெருவில் தேடவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, தெரிந்தவர் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நேரே ஒனிஹங்காக் கடற்கரைக்கு விட்டார். அந்த வழியை அவர் முன்பும் போயிருக்க வேண்டும் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

கடல் வற்றி, கரையிலிருந்து தூரம்வரை சேறாகக் கிடந்தது. கரைக் கல்லில் மாமாவின் சப்பாத்துகள் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. மாமா முழங்கால் சேற்றில், எங்களுக்கு முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்து நின்றார்.

"காரை விட்டு இறங்காதை" என்று சொல்லிவிட்டு மாமி இறங்கிப் போனார். நான் கண்ணாடியை இறக்கினேன். அவர் அழுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கரையில் நின்று, குசினியிலிருந்து கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ. சுடுதண்ணி சிலிண்டருக்கு ஆள் வந்து நிக்கிறான். உள்ளுக்கு வைக்கிறதோ வெளியில வைக்கிறதோ எண்டு கேக்கிறான். எனக்கென்ன தெரியும்? நீங்கள் வந்து சொல்லுங்கோ."

மாமா திரும்பவில்லை. காற்று அடித்தது. மாமி அதையே மறுபடி சொன்னார், ஒரு சொல் மாறாமல். மறுபடியும் சொன்னார். "ஆள் கனநேரம் நிக்கமாட்டான். நீங்கள் சொன்னால்தான் வேலை தொடங்குவான்." தூரத்தில் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் இருக்கைப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமா ஒரு காலைச் சேற்றிலிருந்து இழுத்து எடுத்தார். பிறகு மற்றக் காலை.

வீட்டுக்கு வந்தபோது அங்கே எந்த ஆளும் நிற்கவில்லை. மாமா அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. மாமி அவருடைய காலைக் கழுவிவிட்டு, என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "மாமா கடல் பாக்கப் போனவர். அம்மாட்டைச் சொல்லாதை."

நான் சொல்லவில்லை.

வருடங்கள் போயின. நான் படித்து, மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, கோயம்புத்தூரிலிருந்து இங்கே ஐடி வேலைக்கு வந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். ("மாமாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்காம்" என்று சொன்னது மாமிதான்.) வாடகை கொடுத்து அலுத்துப்போய், சனிக்கிழமைகளில் இருவரும் விற்பனைக்கு வரும் வீடுகளைப் பார்க்கப் போவோம். அப்படித்தான் பாப்பாகுராவில் அந்த வீட்டுக்குள் நுழைந்தோம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. உள்ளே இருட்டாக இருந்தது. நான் சுவரைப் பார்க்காமலே கையை நீட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

"எப்படித் தெரியும்?" என்றார் கணவர்.

நான் உள்ளே நடந்தேன். முழங்கைபோல வளைந்த நடை. குசினிச் சுவரில் ஒடுக்கமான அலுமாரி. அதன் பிடியில் கைவைத்தேன். திறந்தால் மாமியின் விளக்குமாறு இருக்கும்போல இருந்தது. உள்ளே யாரோ மழைக்கோட்டு மாட்டியிருந்தார்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே, உயரத்தில், அந்தச் சதுர ஜன்னல். அதற்கு வெளியே பக்கத்து வீட்டின் உயர்ந்த சுவர். சட்டத்தில் பாசி. வெயில் ஒருநாளும் அதற்குள் நுழைந்திராது.

வீடு காட்ட வந்த பெண்ணிடம், இதை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இது கிட்செட் வீடு என்றாள். புத்தகத்தைப் பார்த்து எந்த வீடு வேண்டும் என்று தபாலில் எழுதிப்போட்டால், சுவர், கூரை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் துண்டு துண்டாக இலக்கம் போட்டு லாரியில் கொண்டுவந்து இறக்குவார்களாம். இறக்கியதைப் பூட்டி நிமிர்த்த வேண்டியதுதானாம். இதே வீட்டைத் தானே வேறு இடங்களிலும் விற்றிருப்பதாகச் சொன்னாள்.

நான் முன்பின் தெரியாதவர்களின் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

காரில் வரும்போது கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்க மாமா டிசைன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே!" வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். சேற்றில் நின்ற மாமாவைப் பற்றி நான் அவரிடமும் சொன்னதில்லை. அதனால் ஏன் கூடாது என்பது அவருக்குப் புரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாமி வீட்டில் மதியச் சாப்பாடு. பாதிச் சாப்பாட்டில் கணவர் நான் சொன்னதை மறந்துவிட்டார்.

"பாப்பாகுரால ஒரு வீடு பார்த்தோம் மாமா. அச்சு அசலா இதே மாதிரி! அந்த ஜன்னல்கூட!"

மாமி என்னைப் பார்த்தார். மேசையில் ஆவி பறக்க ரசம் இருந்தது. நான் அதை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அம்மாதான் முதலில் பேசினார். "அதெப்படி? அண்ணையின்ர பிளானை ஆரோ களவெடுத்திட்டினம்! அண்ணை, நாங்கள் போய்ப் பாக்கவேணும். சும்மா விடேலாது."

"களவு ஒண்டுமில்லை, மச்சாள்" என்றார் மாமி. "இவர் அந்த நாளில ரெண்டு மூண்டு பேருக்கு இதையே கீறிக் குடுத்தவர். சும்மா குடுத்தவர்."

"பாத்தீங்களோ!" என்று அம்மா என் கணவரிடம் திரும்பினார், முகமெல்லாம் பெருமையாக.

மாமா மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவினார். முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம் கேட்டதும் மாமி என் மணிக்கட்டைப் பிடித்து உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் இழுத்துப்போனார். மெஷினைத் தட்டிவிட்டார், சத்தம் வெளியே போகாமலிருக்க.

"என்ன தெரியும் உனக்கு?"

"கிட்செட் எண்டு தெரியும், மாமி."

அவர் மெஷினில் சாய்ந்தார். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. ஓய்வெடுத்த பிறகும் விடியவே எழும்பும் பழக்கம் போகாத உடம்பு.

"இஞ்ச வந்த புதுசில மாமாவின்ர படிப்பு செல்லாதெண்டிட்டாங்கள். நான் வீடு கட்டிக் காட்டுறன் எண்டு காணியை வாங்கினார். இரவு பகலாக் கீறினார். பிறகு கீறுறதை விட்டார். பிறகு கதைக்கிறதை விட்டார். மாசக்கணக்கா ஒரு சொல் இல்லை, பிள்ளை. காணி புல்லுப் பத்திப்போய்க் கிடக்குது. பேப்பரில விளம்பரம் பாத்தன். எழுதிப்போட்டால் புத்தகம் அனுப்புவினமாம். நானும் எழுதிப்போட்டன். கடையில சீலை எடுக்கிற மாதிரி ஒரு வீட்டைக் காட்டி இதுதான் எண்டன். மனுசனிட்டைப் போய், நீங்கள் கீறின வீடு வருகுது எண்டு சொன்னன்."

"மாமா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. லொறி வந்து சாமானை இறக்கிச்சுது. தொங்காத் தீவு ஆக்கள் ரெண்டு பேர் வந்து வீடு நிக்கிற இடத்துக்கு ஆப்பு அடிச்சுக் கயிறு கட்டினவை. இவர் சாரத்தோட, காலில செருப்பில்லாமல் வெளியில வந்தார். நிண்டு பாத்தார். போய் ஆப்பையெல்லாம் புடுங்கினார். அவை என்னைப் பாக்கினம். வீட்டைத் திருப்பு எண்டார். வெயில் இந்தப் பக்கம் எண்டு கையால காட்டினார்."

மெஷின் சுழன்றுகொண்டிருந்தது.

"திருப்பிறதுக்குக் கவுன்சிலில புதுசா அனுமதி கேக்கவேண்டி வந்தது. குளிர்காலம் முழுக்க மரமெல்லாம் தறப்பாளுக்குக் கீழ கிடந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லேல்லை. அவர் வாய் திறந்து சொன்னவரே! அந்த ஒண்டுதான் பிள்ளை அவர் உண்மையாச் சொன்னது. அதை வைச்சுத்தான் மிச்சமெல்லாம் நான் சொன்னனான்."

"மாமாவுக்குத் தெரியாதோ, இது தான் கீறின வீடு இல்லையெண்டு?"

"அவருக்கு என்ன தெரியுமெண்டு நான் கேட்டதில்லை." மாமி என் கையை விட்டார். "கேட்டால் அவர் ஏதாவது சொல்லவேண்டி வரும்."

அன்று பின்னேரம் முழுவதும் மாமி ஏதாவது சாட்டு வைத்து வாசலுக்குப் போய்வந்தார். மாமாவின் சப்பாத்து அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் புறப்படும்போதும் முன்னறைக் கதவு சாத்தியேதான் இருந்தது. சப்பாத்தும் இருந்தது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதன்பிறகு நான் தினமும் காலையில் மாமிக்கு போன் செய்வேன். "மாமா எழும்பிட்டார்" என்பார். அதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று அவருக்கும் தெரியும்.

மாமாவுக்கு முந்தி மாமி போவார் என்று யாரும் நினைக்கவில்லை. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள், கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், வலிக்கு ஊசி போடட்டுமா என்று தாதி கேட்டபோது என்னைப் பார்த்துத் தமிழில், "மாமாவைக் கேள்" என்றார். மாமா கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். தலையை ஆட்டினார். மாமி கையை நீட்டினார்.

மாமி இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று வீடு நிறைய ஆட்கள். மாமா சாப்பாட்டு மேசையின் முனையில் இருந்தார். நானும் அம்மாவும் மாறி மாறி அவரைக் கண்காணித்துக்கொண்டிருந்தோம். அம்மா ஏனென்று தெரியாமல், நான் தெரிந்து. புதிதாக வந்திருந்த ஒரு தம்பதிக்கு அம்மா அழுதழுது சொல்லிக்கொண்டிருந்தார். "என்ர அண்ணை தன்ர கையால கட்டின வீடு. மச்சாள் ராணி மாதிரி இருந்தவ இஞ்ச."

"இல்லை" என்றார் மாமா.

அந்தக் குரலை அங்கிருந்த பாதிப் பேர் கேட்டதே இல்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"இது பெட்டியில வந்த வீடு. புத்தகத்தைப் பாத்து அவ எடுப்பிச்சவ. அவ உழைச்ச காசு. நான் ஒண்டும் கட்டேல்லை."

"அண்ணை, ஆக்களுக்கு முன்னால என்ன கதை இது..."

"லொறி வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். நான் என்ஜினியர்தானே." மாமா அம்மாவைத்தான் பார்த்துச் சொன்னார். "அவ கஷ்டப்பட்டு மறைச்சவ. மறைக்கட்டும் எண்டு விட்டிட்டன். அவவுக்கு முன்னால சொல்லியிருக்கவேணும்."

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். நான் வாசலுக்கும் மாமாவுக்கும் நடுவில் போய் நின்றேன், அவர் எழும்பி வெளியே போய்விடுவார் என்று. அவர் எழும்பினார். என்னைத் தாண்டி வாசலுக்குப் போகவில்லை. குசினிக்குப் போனார்.

"வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லை" என்றார்.

"நான் போடுறன் மாமா, நீங்கள் இருங்கோ."

வேண்டாம் என்று கையைக் காட்டினார். கேத்திலில் தண்ணீர் பிடித்து வைத்தார். பிறகு மேலே இருந்த அலுமாரியைத் திறந்தார். தட்டுகள். சாத்தினார். அடுத்ததைத் திறந்தார். அரிசி, பருப்புப் போத்தல்கள். அதையும் சாத்திவிட்டு அடுத்த கதவின் முன்னால் போய் நின்றார். கேத்தில் கொதித்து நின்றுவிட்டது. தேயிலை எங்கே என்று அவர் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.